அடிக்குரல் – 14: ஐந்து கட்டையிலிருந்து இரண்டு கட்டைக்கு

சாதா கிடாருக்கும் பேஸ் கிடாருக்கும் நடுவில் பாரிட்டோன் என்றொரு கிடார் உண்டு, அதற்குக் கழுத்து நீளம், குரல் கனம் என்பதோடு சென்ற வாரம் நிறுத்தினோம். தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு இந்த ஒரு வரி போதும். குறைந்த விலையில் ஒரு பாரிட்டோனை எப்படிப் பார்த்து எடுப்பது, எடுத்த பிறகு எதை மாற்றுவது என்று இந்த வாரம் சொல்வதாக ஒப்புக்கொண்டிருந்தேன். சொல்கிறேன். ஆனால் வியாழக்கிழமைக்குள் அச்சுக்குப் போக வேண்டிய கட்டுரைக்காகச் சுருதிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. அதை எழுதாமல் கிடார் பக்கம் போக மனம் வரவில்லை.

சாதா கிடாரின் தடித்த தந்தி ஈ சுருதியில் நிற்கும். பாரிட்டோனில் அதே இடத்துத் தந்தி பி சுருதிக்கு இறங்கிவிடும். ஈயிலிருந்து பிக்குப் போக ஐந்து அரைச்சுரம் இறங்க வேண்டும். இப்போது ஆர்மோனியத்துக்கு வாருங்கள். ஐந்து கட்டையில் விரலை வைத்து ஒவ்வொரு கட்டையாக இடப்பக்கம் இறங்குங்கள். நாலரை, நாலு, மூன்று, இரண்டரை, இரண்டு. இங்கும் ஐந்து படிதான். ஐந்து கட்டைக்கும் இரண்டு கட்டைக்கும் நடுவில் உள்ள தூரம் வேறெங்கே வருகிறது என்று நாதசுரம் கேட்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திமிரி நாயனத்துக்கும் பாரி நாயனத்துக்கும் உள்ள தூரம் அது!

எல்லாத் திமிரியும் ஐந்து கட்டை அல்ல. நாலு, நாலரையும் உண்டு. எல்லாப் பாரியும் இரண்டு கட்டை அல்ல, இரண்டரையும் உண்டு. ஆனாலும் ஐந்து கட்டைத் திமிரியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கட்டைப் பாரியைக் கையில் எடுக்கிற வித்வான் இறங்குகிற தூரமும், சாதா கிடாரை மாட்டிவிட்டுப் பாரிட்டோனை எடுக்கிற பையன் இறங்குகிற தூரமும் ஒன்றே. சுர பாஷையில் சொன்னால், மேல் ஸட்ஜத்தை விட்டு அதற்குக் கீழே உள்ள பஞ்சமத்தில் உட்காருவது. வீணைக்காரர்களுக்கு இன்னும் எளிது. சாரணித் தந்திக்கும் அதற்கடுத்த பஞ்சமத் தந்திக்கும் உள்ள இடைவெளி. அதிர்வெண்ணில் இது ஏறக்குறைய நாலுக்கு மூன்று. ஈ தந்தி நொடிக்கு 82.4 முறை அதிர்ந்தால் பி தந்தி 61.7 முறை அதிரும்.

கடல் தாண்டி வேறொரு மரத்தில், வேறொரு சங்கீதத்துக்காக நடந்த மாற்றமும், காவிரிக்கரையில் ஆச்சா மரத்தில் நடந்த மாற்றமும் ஒரே இடைவெளியில் வந்து நின்றிருப்பது இந்த வாரம் முழுக்க எனக்குச் சந்தோஷம் தந்தது.

பாரியின் கதை வாசகர்கள் பலருக்குத் தெரிந்ததுதான். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை காலத்துக்கு முன் மேடையிலும் வீதியிலும் திமிரி ஆண்டது. கீச்சென்று ஊர் எல்லை வரை போகிற குரல். சுவாமி புறப்பாட்டுக்கு அது பொருத்தம். நாலு மணி நேரம் ஒரு ராகத்தை உட்கார்ந்து விரிக்கிறவருக்கு அது போதவில்லை. ராஜரத்தினம் பிள்ளைக்குக் கீழே இடம் வேண்டியிருந்தது. கும்பகோணம் பக்கத்து நரசிங்கம்பேட்டையில் ரங்கநாத ஆசாரி அவருக்காகக் குழலை நீட்டினார். நீட்டினால் மட்டும் போதாது என்பதுதான் இதில் நாம் பிடித்துக்கொள்ள வேண்டிய பாடம். பழைய நாயனத்தில் சுத்த மத்திமம் நேராகப் பேசாது. வாசிப்பவர் உதட்டாலும் காற்றாலும் அதை இழுத்து வந்து நிறுத்த வேண்டும். துளையின் இடத்தையும் அளவையும் திரும்பத் திரும்ப மாற்றிப் பார்த்து ஆசாரி அதைச் சரிசெய்தார். முதலில் நீளம், பிறகு சுரம் சுத்தமாக நிற்பது. இந்த வரிசையை மனசில் வையுங்கள். கிடாருக்கு வரும்போது இதே வரிசையைத்தான் சொல்லப் போகிறேன். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-ல் கிடைத்த புவிசார் குறியீடு நரசிங்கம்பேட்டை நாதசுரத்துக்கு 2022-ல் கிடைத்தது. பழைய வீடுகளை இடிக்கும்போது வருகிற உத்திரத்திலும் தூணிலும் உள்ள, பல பத்தாண்டு காய்ந்த ஆச்சாவைத் தேடி வாங்கித்தான் அங்கே இன்றும் கடைகிறார்கள். பச்சை மரம் பின்னால் திருகிக்கொள்ளும், சுரம் ஓடிவிடும்.

கோவில்பட்டிக்கு இதில் என்ன பங்கு என்று கேட்கிறவர்கள் ஊருக்குள் இருக்கிற காருகுறிச்சி அருணாசலத்தின் சிலைக்கு முன்னால் ஒரு நிமிஷம் நிற்கலாம். தாமிரபரணிக் கரையில் காருகுறிச்சியில் 1921-ல் பிறந்து, ராஜரத்தினம் பிள்ளையிடம் சீடராகப் போய், பின்னால் கோவில்பட்டியில் குடியேறி, 1964-ல், நாற்பதுகளின் தொடக்கத்திலேயே போய்விட்டவர். 1962-ல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு போட்டி போடுகிற அந்த நாதசுரம் அவருடையது. கேட்டவர்கள் மறுபடி கேளுங்கள், இந்த முறை குரலை விட்டுவிட்டு நாயனம் கீழே இறங்குகிற இடங்களை மட்டும் பிடித்துக்கொண்டு. குழல் கத்துவதே இல்லை. மேலே போகும்போதுகூட அடியில் ஒரு கனம் கூடவே போகிறது. குருவிடமிருந்து அவர் வாங்கி வந்தவற்றில் இந்த நீளக் குழலின் குரலும் ஒன்று. அது தஞ்சாவூரிலிருந்து கரிசல் காட்டுக்கு வந்து சேர்ந்தது. பக்கத்து இடைசெவலில் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் எழுத்தோடு சங்கீதப் பைத்தியமும் சேர்ந்தவர்களாக இருந்தார்கள் என்றால், காற்றில் இந்த மாதிரிக் குரல் இருந்த ஊர்ப்பக்கம் அது.

இன்னொன்று. கிடாருக்குத் தாழ்ந்த குரல் வேண்டுமென்றால் இரண்டு வழி உண்டு. தந்தியை நீட்டலாம், இல்லையென்றால் தடிப்பாக்கலாம். தொய்வாக விடுவது மூன்றாவது வழி, அது வழியே இல்லை என்று பின்னால் பார்ப்போம். நாயனத்துக்கு அந்த வசதி கிடையாது. காற்றுக்குத் தடிமன் இல்லை. குழலுக்குள் நிற்கிற காற்றின் நீளம் மட்டும்தான் கையில் இருக்கிறது. நாலுக்கு மூன்று இறங்க வேண்டுமென்றால் காற்றுத் தண்டு மூன்றுக்கு நாலு நீண்டே ஆக வேண்டும். துளைகள் விலகும், விரல் அகலும், சீவாளி பெரிதாகும், நெஞ்சு கூடுதலாக ஊத வேண்டும். வித்வானின் உடம்பு அந்த ஆழத்துக்கு விலை கொடுக்கிறது. இதை நினைத்துக்கொண்டு பாரி வாசிப்பைக் கேட்டால் மரியாதை கூடும்.

கிடாரை அதே கணக்கில் போட்டுப் பாருங்கள். சாதா எலெக்ட்ரிக் கிடாரில் நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை தந்தி அதிர்கிற நீளம், கிடார்காரர்கள் ஸ்கேல் என்று சொல்வது, ஃபெண்டர் வகையில் 25½ அங்குலம். அதே தந்தியை அதே முறுக்கில் வைத்து ஈயிலிருந்து பிக்கு இறங்க வேண்டுமென்றால் மூன்றுக்கு நாலு நீட்ட வேண்டும். எவ்வளவு வருகிறது? 34 அங்குலம். அது பேஸ் கிடாரின் வழக்கமான நீளம்! பாரிட்டோன் அவ்வளவு தூரம் போவதில்லை. 27 அங்குலத்திலிருந்து 30 அங்குலத்துக்குள் நின்றுகொண்டு, மீதியைத் தடித்த தந்தியால் ஈடுகட்டுகிறது. பாதி நீளம், பாதி தடிமன் என்று ஓர் ஒப்பந்தம்.

எட்டயபுரத்தை ஒரு பத்தியாவது சொல்லாமல் போக முடியாது, கோவில்பட்டியிலிருந்து கிழக்கே போனால் சீக்கிரமே வந்துவிடுகிற ஊர். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் எட்டயபுரம் சமஸ்தான வித்வானாக இருந்தவர். வெள்ளைக்காரர் வாத்தியமான வயலினைக் கர்நாடக சங்கீதத்துக்குள் கொண்டு வந்தவர் என்று பெயர் பெற்றவரும் அவர்தான். தம்பியைப் பார்க்க வந்த முத்துசுவாமி தீட்சிதர் 1835-ல் எட்டயபுரத்திலேயே காலமானார். வயலின் இங்கே வந்தபோது அதன் உடம்பை யாரும் மாற்றவில்லை. சுருதி சேர்க்கிற முறை மாறியது. மேற்கில் நாலு தந்தியும் ஒன்றுக்கொன்று பஞ்சம தூரத்தில் நிற்கும். இங்கே ஸ, ப, ஸ, ப என்று சேர்த்து, பாடகரின் சுருதிக்குக் கீழே இறக்கிக்கொண்டார்கள். வெளியிலிருந்து வந்த தந்தி வாத்தியத்தைக் கீழே இறக்கி வாசிப்பது கரிசல் சீமைக்கு நேற்று வந்த பழக்கம் அல்ல. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் கீழ்ஸ்தாயிக்காக எலெக்ட்ரிக் மாண்டலினில் ஐந்தாவது தந்தி சேர்த்ததையும் இந்த வரிசையில் வைக்கலாம். அதைத் தனியாக ஒரு வாரம் எழுத ஆசை.

சரி, கிடார்.

இந்தத் தொடரைப் படிக்கிற ஒரு தம்பி, கோவில்பட்டிக்காரர், ஞாயிற்றுக்கிழமை சர்ச் கொயரிலும் கோயில் கொடைகளில் மெல்லிசைக் குழுவிலும் வாசிக்கிறவர், போனில் பிடித்துக் கேட்டார்.

“அண்ணாச்சி, இருக்கிற கிடார்லயே நல்ல பிக்அப்பா மாத்திட்டா அடிக்குரல் வந்துராதா?”

“வராது தம்பி. தந்தி என்ன சொல்லுதோ அதைத்தான் பிக்அப் கேட்டுச் சொல்லும். தந்தி சொல்லாததை அதால எப்படிச் சொல்ல முடியும்?”

“அப்ப எதுல துட்டு போடணும்?”

“நீளத்துல.”

இதைத்தான் விரித்து எழுத வேண்டும் என்று நினைத்திருந்தேன். குறைந்த விலைக் கிடார் நல்ல பாரிட்டோனாக இருக்குமா என்று தயங்க வேண்டாம். இந்தக் குடும்பத்துக்கு வழி திறந்தவற்றில் ஒன்றே மலிவுச் சரக்குதான். 1956-ல் அமெரிக்காவில் டேன்எலெக்ட்ரோ கம்பெனி ஒரு நீளக் கழுத்து ஆறு தந்தி பேஸை வெளியிட்டது. உடம்பு அழுத்திய மரத்தூள் அட்டை. பிக்அப்பின் உறை லிப்ஸ்டிக் குழாய். கம்பெனியை நடத்திய நேத்தன் டேனியல் விலையைக் குறைக்கக் கிடைத்ததையெல்லாம் பயன்படுத்தியவர். அந்த அட்டைக் கிடாரின் குரல் 1968-ல் கிளென் கேம்பல் பாடிய ‘விச்சிட்டா லைன்மேன்’ பாட்டின் நடுவே வருகிறது. பேஸ் கலைஞர் கரோல் கேயின் டேன்எலெக்ட்ரோ பேஸை இரவல் வாங்கி கேம்பலே வாசித்த துண்டு அது. வெட்டவெளியில் கம்பி மரத்தில் ஏறி நிற்கிற ஒருவனைப் பற்றிய பாட்டு. எட்டயபுரம் ரோட்டில் சாயங்காலம் போகும்போது கேட்டுப் பாருங்கள். அந்த ஆழத்தைக் கொடுத்தது விலை உயர்ந்த மரம் அல்ல, நீண்ட தந்தி.

தேர்வு என்று வரும்போது முதல் கேள்வி 27 அங்குலமா, 30-ஐ ஒட்டியதா என்பது. ஸ்கொயர் கம்பெனியின் பாராநார்மல் வரிசையில் வரும் பாரிட்டோன் டெலிகாஸ்டர் 27. கிரெட்ச் ஜெட் பாரிட்டோனும் டேன்எலெக்ட்ரோ பாரிட்டோனும் 29¾. முதல் ஃபிரெட்டின் அகலத்தைக் கணக்கிட்டால், சாதா கிடாரில் சுமார் 36 மில்லிமீட்டர், 27-ல் 38½, 29¾-ல் 42 சொச்சம். இரண்டு மில்லிமீட்டரைக் கை ஒரு வாரத்தில் மறந்துவிடும். ஆறு மில்லிமீட்டரை மறக்காது. முதல் மூன்று ஃபிரெட்டில் முழு கார்டு பிடிக்கிறவருக்கு மணிக்கட்டு வலிக்கும். கொயரிலும் மெல்லிசையிலும் கார்டு அடிக்கிறவர் 27-ஐ எடுங்கள், பி சுருதியில் நிறுத்துங்கள். ஒவ்வொரு சுரமாக மீட்டிப் பின்னணி சேர்க்கிறவர், ஏ வரை இறங்க ஆசைப்படுகிறவர், நீளமானதற்குப் போங்கள். 27 அங்குலத்தில் ஏ வைத்தால் தந்தி தளர்ந்து, மீட்டியதும் சுருதி ஒரு கணம் மேலே ஏறி இறங்கும். நாயனத்தில் வழுக்கல் அழகு. இதில் அது கோளாறு.

உள்ளூர்க் கடையில் பாரிட்டோன் தொங்கிக்கொண்டிருக்காது. ஆன்லைனில் எடுத்தாலும், மதுரையில் யாரிடமாவது பழையது கிடைத்தாலும், முதலில் டேப் எடுத்து நட்டிலிருந்து பன்னிரண்டாவது ஃபிரெட் வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். 27-க்குக் குறைந்தால் அது பாரிட்டோன் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அதையும் வாங்க வசதி இல்லை, கையில் ஒரு டெலிகாஸ்டர் மாதிரிதான் இருக்கிறது என்றால், நெக்கை மட்டும் மாற்றுகிற வழி ஒன்று உண்டு. அமெரிக்காவில் வார்மத் என்கிற கம்பெனி பழைய உடம்பிலேயே மாட்டுகிற 28⅝ அங்குல நெக் செய்கிறது. வரவழைக்கிற செலவுக்கு முழுக் கிடாரே கிடைத்துவிடலாம் என்பதால் இதை நான் சிபாரிசு செய்யவில்லை.

வாங்கிய பிறகு முதல் செலவு தந்தி. 25½ அங்குலத்தில் 10–46 செட்டுக்குப் பழகிய கை அதே முறுக்கை 27 அங்குலத்தில் பி சுருதியில் எதிர்பார்த்தால், ஒவ்வொரு தந்தியும் கால்வாசி தடிக்க வேண்டும். கடையில் பாரிட்டோன் செட் என்று 13–62, 14–68 கிடைக்கும். 27-க்கு 13–62 போதும். முரட்டுக் கை என்றால் மற்றது. சாதா செட்டைப் போட்டு முறுக்கைத் தளர்த்தி பிக்கு இறக்குகிற தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. சாதா கிடாரில் அப்படிச் செய்தால் முறுக்கு பாதிக்குக் கொஞ்சம் மேலே மட்டும் மிஞ்சும். தந்தி ஃபிரெட்டில் அடித்து இரைச்சல் வரும், சுருதி நிற்காது. இதைத்தான் வழியே இல்லை என்றேன்.

அடுத்தது ரங்கநாத ஆசாரி செய்த வேலை, சுரத்தை நிற்க வைப்பது. மலிவுக் கிடாரில் நட்டின் பள்ளம் தந்திக்குப் போதாமல், தடித்த தந்தி மேலேயே உட்கார்ந்திருக்கும். முதல் இரண்டு ஃபிரெட்டில் அழுத்தினால் சுரம் கூடிப் பேசும். தந்தி அளவுக்குப் பள்ளத்தை அராவ வேண்டும். தெரிந்தவரிடம் கொடுத்தால் அரை மணி வேலை. பிளாஸ்டிக் நட்டை எலும்பு நட்டாக மாற்றுவதும் இதோடேயே செய்துகொள்ளலாம். பிறகு பிரிட்ஜ். தடித்த தந்திக்கு சேடில் பின்னால் போக வேண்டும். ஸ்க்ரூவில் உள்ள ஸ்பிரிங் முழுக்க அமுங்கி இதற்கு மேல் போகாது என்று நின்றுவிட்டால், ஸ்பிரிங்கை எடுத்துப் பாதியாக வெட்டிப் போட்டால் இடம் கிடைக்கும். பன்னிரண்டாவது ஃபிரெட்டில் அழுத்திய சுரமும் அதே இடத்து ஹார்மானிக்கும் ஒன்றாகும் வரை விடாதீர்கள். கனத்த தந்தி நெக்கை முன்னால் இழுக்கும் என்பதால் டிரஸ் ராடையும் பார்க்க வேண்டும். கால் சுற்று திருப்பி, ஒரு ராத்திரி விட்டு, மறுநாள் பார்த்து, தேவைப்பட்டால் இன்னொரு கால் சுற்று.

நம் சீமைக்கென்று ஒரு விஷயம் உண்டு. தூத்துக்குடி உப்புக்காற்றில் தந்தி துருப்பிடிக்கிற வேகம் இங்கே இல்லை, அது நமக்கு லாபம். ஆனால் மரம் படுகிற பாடு வேறு. கரிசல் மண் சித்திரையில் சுருங்கி வெடித்து, ஐப்பசி மழையில் உப்புவதைப் போல ஃபிங்கர்போர்டும் சுருங்கி விரிகிறது. கோடையில் மரம் உள்வாங்கி, ஃபிரெட்டின் முனை வெளியே நீட்டிக் கையைக் கீறும். நுண்ணிய அரத்தால் முனைகளைத் தட்டிவிடலாம். அதைக் கோடையில் செய்யுங்கள், மழைக்காலத்தில் செய்தால் அடுத்த சித்திரையில் மறுபடி கீறும். போர்டுக்கு மினரல் ஆயில் அல்லது கடையில் விற்கிற லெமன் ஆயில், வருஷத்துக்கு இரண்டு தடவை, துடைத்து எடுத்தால் போதும். தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் வேண்டாம், நாளானால் சிக்குப் பிடிக்கும். ஸ்கொயர் கிடாரில் லாரல் என்று எழுதியிருப்பது நம் கருமருது. 2017-ல் ஈட்டி மரத்துக்கு உலக வணிகக் கட்டுப்பாடு வந்த பிறகு மலிவுக் கிடார்கள் பல அதற்கு மாறின. 2019 இறுதியில் செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்கு கொடுத்தும் கருமருது போகவில்லை. குறை சொல்ல ஒன்றும் இல்லை, நல்ல மரம்.

பிக்அப்புக்கு இடம் போதவில்லை. எந்தப் பிக்அப் தாழ்ந்த சுரத்தைக் குழப்பாமல் கொடுக்கும், எத்தனை கிலோஓம் வால்யூம் பாட், வீட்டு எர்த் சரியில்லாமல் வருகிற உறுமலை எப்படி அடக்குவது என்பதெல்லாம் அடுத்த வாரம். அதுவரை புதுப் பிக்அப்புக்கு ஆர்டர் போடாதீர்கள். மேலே சொன்னதைச் செய்த பிறகு பாதிப் பேருக்கு அது தேவைப்படாது.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். கரிசல் பக்கத்து மேளக்காரர் வீடுகளில் பழைய பாரி நாயனங்கள் சுவரில் தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் வீட்டில் இருந்தால், அணசு நீங்கலாக உலவின் நீளத்தையும், அது எத்தனை கட்டை என்பதையும், திமிரியும் இருந்தால் அதன் நீளத்தையும் அளந்து எழுதி அனுப்புங்கள். அளவை மட்டும் அனுப்பினால் போதும், குழலைக் கழற்ற வேண்டாம், துளையில் இருக்கிற மெழுகைத் தொட வேண்டாம். வந்து சேர்கிற அளவுகளை இதே பக்கத்தில் அச்சிடுகிறேன்.

(தொடரும்)